டெம்போ வாங்கப் போகிறீர்களா? நம்ம ஊர் டீசல் வண்டிகளின் கதை

நம் மாவட்டத்தில் சரக்கு ஏற்றும் சின்ன லாரி எதுவானாலும் அதற்குப் பெயர் டெம்போதான். டாடா செய்ததானாலும் சரி, மகிந்திரா செய்ததானாலும் சரி. பேப்பரில்கூட 'ரேஷன் அரிசி கடத்திய டெம்போ பறிமுதல்' என்றுதான் செய்தி வரும். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் தெரிந்திருக்காது.

டெம்போ என்பது ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் இருந்த ஒரு கம்பெனியின் வண்டிப் பெயர். மூன்று சக்கர சரக்கு வண்டிகளுக்குப் பேர்போன கம்பெனி அது. அவர்களோடு கூட்டுச் சேர்ந்து 1958-ல் நம் நாட்டில் தொடங்கியதுதான் பஜாஜ் டெம்போ. முன்பக்கம் மூக்கு நீண்ட அந்த மூன்று சக்கர வண்டியை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜெர்மன் கம்பெனி கைமாறிக் கைமாறி மறைந்தது. இங்கே உள்ள கம்பெனியும் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. டால்டா, ஜெராக்ஸ் போல வார்த்தை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி நம் மாவட்டக் கிளைகளில்தான். பழைய வண்டிக்குக் கடன் கேட்டு வந்தால், நேரில் போய் வண்டியைப் பார்த்துக் குறிப்பு எழுதவேண்டியது என் பொறுப்பு. கூடவே ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒரு ஆசானைக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தப் பழக்கம் தெரிந்தவர்கள் இன்றும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சமீபத்தில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஒரு தம்பி வந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து, பதினோரு வருடம் ஓடிய ஒரு பிக்கப் வாங்கப் போகிறாராம். "எஞ்சின் சூப்பரா இருக்கு சார். சாவியத் திருப்பினா ஒரே அடியில புடிக்குது" என்றார். வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தத் தம்பி மட்டுமல்ல, நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் எஞ்சினை மட்டும்தான் பார்க்கிறார்கள். அது அந்தக் காலத்துப் பழக்கம். அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது, இன்றைக்கு அது போதாது. ஏன் போதாது என்று புரிய, டீசல் வண்டி நம் ஊருக்கு வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டீசல் வந்த வழி

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் எஞ்சினியர் 1890-களில் இந்த எஞ்சினைக் கண்டுபிடித்தார். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அது ஒழுங்காக ஓடிக் காட்டியது. பெட்ரோல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றைக் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்காக அமுக்குவார்கள். அந்த அமுக்கத்திலேயே காற்று பழுக்கக் காய்ந்துவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இவ்வளவு அமுக்கத்தைத் தாங்க எல்லாப் பாகமும் கனமாக இருக்க வேண்டும். கனமாக இருப்பதால் நீண்ட நாள் உழைக்கும். தேய்ந்தால் போர் போட்டு, ஸ்லீவ் மாற்றி, கிராங்க்கைக் கடைந்து, மறுபடி ஓட்டலாம். பழைய டீசல் வண்டிக்கு இன்றும் மவுசு இருப்பதற்கு இதுவே அடிப்படை.

நம் ஊர் ரோட்டில் டீசல் சத்தம் கேட்கத் தொடங்கியதற்குத் தேதியே சொல்லலாம். திருவிதாங்கூர் அரசு போக்குவரத்தை மகாராஜா சித்திரைத் திருநாள் 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து வந்த சால்ட்டர் என்ற அதிகாரி அதை நடத்தினார். இங்கிலாந்திலிருந்து வந்த சேசிஸ், அதில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின், பாடி கட்டியது மட்டும் இங்கே. முதலில் அரசு எடுத்துக்கொண்ட வழித்தடங்களில் திருவனந்தபுரம் – நாகர்கோவில் தடமும் ஒன்று. நாம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்குப் பதினெட்டு வருடம் முன்பே நம் தாத்தாமார் டீசல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு லாரிகள் வந்தன. 1954-ல் டாடா மெர்சிடஸ் பென்ஸ். அதைப் 'பென்ஸ் லாரி' என்றே சொல்வோம். எண்ணூரில் அசோக் லேலண்ட், சென்னையில் சிம்சன் செய்த பெர்க்கின்ஸ் எஞ்சின் என்று தொடர்ந்தது. பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ டீசல் பம்ப்பையும் நாசிலையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தது. இப்போது அது போஷ் என்ற பெயரில் இருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் இன்னும் 'மைக்கோ பம்ப்' என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இவை எல்லாம் பெரிய வண்டிகள். சின்ன வண்டி என்றால் ஜீப், அதுவும் பெட்ரோல். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை ஏறியதும் பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒர்க்‌ஷாப்களில் ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை இறக்கும் வேலை மும்முரமாக நடந்தது. ஆர்.சி. புக்கில் பெட்ரோல் என்று இருக்கும், பானட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின் இருக்கும். எஞ்சின் நம்பரும் புக்கில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று வந்ததுதான்.

மெட்டடாரும் ஓடியது. எண்பதுகளில் அதில் மெர்சிடஸ் வடிவமைப்பு டீசல் எஞ்சின் வைத்தார்கள். மகிந்திராவில் பியூஜோ எஞ்சின் வந்தது. எண்பதுகளின் நடுவில் டி.சி.எம். டொயோட்டா, சுவராஜ் மாஸ்டா, மிட்சுபிஷி கூட்டில் ஐஷர், ஆந்திராவில் ஆல்வின் நிஸ்ஸான் என்று நான்கு ஜப்பான் கூட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் இறங்கின. அவற்றுக்குப் போட்டியாக டாடா 1986-ல் விட்டதுதான் 407. 1988-ல் டாடா மொபைல் 206 வந்தது. காரைப் போன்ற முன்பக்கமும் பின்னால் திறந்த பெட்டியுமாக வந்த அதுதான் நம் ஊர்க்காரர்கள் கண்ட முதல் நாகரிகமான பிக்கப். அதற்குப் பிறகு 207. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி., முக்கால் டன் சுமை. தமிழ்நாடு முழுக்க அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர். தோவாளைப் பூவும், வடசேரிச் சந்தைக் காய்கறியும், மார்த்தாண்டம் பக்கத்து வாழைக்குலையும் தெருவுக்குள் வந்து இறங்கியது குட்டி யானைக்குப் பிறகுதான்.

டீசல் விலையை அரசு குறைவாகக் கட்டிவைத்திருந்ததும் இவ்வளவு வண்டிகள் பெருகியதற்கு ஒரு காரணம். 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது.

அன்றைய பயமும் இன்றைய பயமும்

எழுபது, எண்பதுகளில் புது வண்டி கிடைப்பதே பெரும்பாடு. பணம் இருந்தாலும் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய வண்டிக்குக் கிராக்கி. எஞ்சின் ஒன்றுதான் விலை உயர்ந்த பொருள். அது ஓடுகிறதா என்று பார்த்தால் போதும், மற்றதை ஆசாரியும் கொல்லனும் சரிசெய்துவிடுவார்கள். காகிதமும் எளிது, ஊரும் சின்னது. யார் வண்டி, எங்கே ஓடியது என்று டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்று நிலைமை தலைகீழ். எஞ்சின் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. எங்கள் ஆசான் ஒரு வார்த்தை சொல்வார்: "எஞ்சினப் பத்தி பயப்படாதீங்க சார். காசு குடுத்தா எஞ்சின் வரும். சேசிஸ் வராது." இப்போது அதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். காகிதமும் வராது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் மீன் ஏற்றி ஓடிய ஒரு சின்ன லாரியை வாங்க ஒருவர் கடன் கேட்டிருந்தார். நாங்கள் போனபோது வண்டி பளபளவென்று நின்றது. புதுப் பெயிண்ட், புது சீட் கவர். எஞ்சினும் ஒரே சத்தத்தில் கிளம்பியது. ஆசான் எஞ்சின் பக்கமே போகவில்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்பேனரால் சேசிஸை முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு முழமாகத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் 'டங் டங்' என்று மணிபோலக் கேட்டது. பின் சக்கரத்துக்கு மேலே வந்ததும் 'தொப் தொப்' என்று சத்தம் மாறியது. இன்னும் ஒரு தட்டு தட்டினார். கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்து கையளவு துரு கீழே கொட்டியது. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக அந்த இடத்தில் சொட்டியிருக்கிறது. சுமை ஏற்றி ஏதாவது ஒரு இறக்கத்தில் பிரேக் பிடித்திருந்தால் வண்டி அங்கேயே ஒடிந்திருக்கும். கடன் கிடையாது என்றதும் கேட்டவருக்குக் கோபம். அந்தத் துருவை அவர் கையிலேயே அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வண்டி எங்கே உழைத்தது?

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை கிலோமீட்டர் ஓடியது' என்பதல்ல. மீட்டரைத் திருப்புவது பெரிய வித்தையே அல்ல. 'என்ன சுமந்தது, எங்கே ஓடியது' என்று கேளுங்கள். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் கடலும் மலையும் வயலும் எல்லாம் இங்கே உண்டு. வண்டிக்கு வரும் நோயும் இடத்துக்கு இடம் மாறும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றிய வண்டி என்றால் சேசிஸும் தளத்தின் அடிப்பகுதியும்தான் கவலை. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் ஓடியது என்றால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக். எந்நேரமும் சின்ன கியரில் ஏறி இறங்கியிருக்கும். செங்கல், ஜல்லி, பாறைப்பொடி ஏற்றியது என்றால் ஸ்பிரிங் பட்டைகளும் பின் ஹவுசிங்கும் அடி வாங்கியிருக்கும். தோவாளையிலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பூ கொண்டுபோன வண்டியில் சுமை லேசு, ஓட்டம் அதிகம். எஞ்சின் தேய்ந்திருக்கலாம், சேசிஸ் நன்றாக இருக்கும். விலை ஒத்து வந்தால் இந்தக் கடைசி வகை நல்லது. எஞ்சின் வேலைக்கு ஆகும் பணத்தை விலையில் குறைத்துக் கேட்கலாம்.

பார்க்கும் முறை

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். போனவுடன் பானட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டீசல் எஞ்சினின் பலவீனம் குளிரில்தான் தெரியும். நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஆயில் கறுப்பாக இருப்பது டீசலில் சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். முதல் சில நொடி வெளுத்த புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் வெள்ளையாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. அது ரிங், பிஸ்டன் வேலை. கன்னங்கறுப்பாக வந்தால் நாசில், பம்ப், ஏர் ஃபில்ட்டர் இவற்றில் கோளாறு. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து கையை மேலே காட்டுங்கள். லேசாகக் காற்று வந்தால் சரி. ரயில் எஞ்சின் மாதிரி புஸ் புஸ் என்று அடித்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். எஞ்சின் வேலைக்கு நேரம் வந்துவிட்டது.

கிளட்ச் பார்க்க எளிய வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்துபோக வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கியர் தானே துள்ளி வெளியே வந்தால் கியர்பாக்ஸில் வேலை இருக்கிறது.

இதில் வண்டியின் தலைமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய 407, 207 போன்றவற்றில் எல்லாம் மெக்கானிக்கல் பம்ப். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். கடந்த பத்துப் பதினைந்து வருடத்துப் பிக்கப்களில் பெரும்பாலும் காமன்ரெயில். லாரி டயரில் உள்ள காற்றைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் பீய்ச்சப்படுகிறது, எப்போது எவ்வளவு என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. புகை குறைவு, இழுவை அதிகம். ஆனால் டீசலில் சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் இன்ஜெக்டர் போய்விடும், அதன் விலை பாமரன் தாங்கமாட்டான். இப்படிப்பட்ட வண்டியை ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி எறிந்த வண்டி என்றால் தொடவே வேண்டாம்.

கடைசியாக, ஸ்பேனரால் தட்டும் வேலையை மறக்காதீர்கள். புதுப் பெயிண்ட் அடித்த சேசிஸ் என்றால் இரண்டு மடங்கு நேரம் தட்டுங்கள். வெல்டிங் தழும்பு இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

காகிதம்

சேசிஸ் நம்பரை நீங்களே பென்சிலால் தாளில் அச்செடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி உண்டா என்று தெரியும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். கடனில் வாங்கிய வண்டியானால் ஃபாரம் 35 கொடுத்து ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்க வேண்டும். 'கடன் அடைத்தாச்சு, பேப்பர் பிறகு வரும்' என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. வங்கியில் இருந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு என்று நெய்யாற்றின்கரை, பாறசாலை வண்டிகளை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். தவறில்லை. ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஃபாரம் 28-ல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். 74 அல்லது 75 நம்பருக்கு மாற்ற வேண்டும். இந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்தால் விலைக் குறைவு பல சமயம் மறைந்துவிடும். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் ஆனபின் ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டினால் கட்டணமும் கூடும். சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ள ஒரு நல்ல சலுகை. ஆர்.சி.யில் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பெயர் மாற்றம். ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டுவது நம் ஊரில் சகஜம். 2007-லேயே வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்ன ஒருவரின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. அந்த வண்டி 2009-ல் விபத்தில் சிக்கியது. அதற்குள் அது பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. விற்றவருக்கு அந்த ஆபத்து. வாங்கியவருக்கோ, தன் பெயரில் இல்லாத வண்டி நொறுங்கினால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காத ஆபத்து. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். முழுப்பணத்தையும் கொடுக்காமல் ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். யோக்கியமான விற்பனையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

வீட்டில் பிள்ளைகளோ பேரன்களோ பழைய டெம்போ பார்க்கப் போவதாகச் சொன்னால், ஒரு சாக்கும் ஒரு ஸ்பேனரும் பென்சிலும் தாளும் கொடுத்தனுப்புங்கள். அடகு வைத்த நகை பத்திரமாகத் திரும்பி வர அவை போதும். வாழைக்குலைத் தம்பி மறுநாள் காலை ஆறு மணிக்கு மெக்கானிக்கோடு போனார். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அந்த வண்டி வேண்டாம் என்று விட்டுவிட்டார். இப்போது தோவாளையில் ஓடிய வேறொன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்.